மெக்சிக்கோவைப் பிடுங்கிய சிரமதானம்

எங்கள் பாடசாலையில் உலகம் ஒரு சனிக்கிழமை காலையில் பிடுங்கப்பட்டது. பிடுங்கியவர்களுக்குப் பனிஸும் பிளேன்டீயும் வழங்கப்பட்டன. அதிபர் நன்றியுரை ஆற்றினார்.

எனக்குக் கோபமில்லை, வருத்தம் மட்டுமே என்று எழுதினால் பண்பாக இருக்கும். ஆனால் கோபம்தான். இதை எழுதும்போதும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

கெலிஓயாவில் இருந்து கம்பளைப் பக்கம் போகிற பாதையோரம் எங்கள் பாடசாலை. ஏழாம் தரத்துக்கு நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன், தொண்டர் ஆசிரியனாக. தொண்டர் என்றால் சம்பளம் கிடையாது. ஆசிரியர் என்றால் எது பிழைத்தாலும் பொறுப்பு நம்முடையது. இரண்டும் சேர்ந்த பதவி அது.

இரண்டாம் தவணையில் ஒரு பாடம் வந்தது: உலகத் தாவரங்களும் அவற்றின் வாழிடங்களும். புத்தகத்தில் பாலைவனம் இருந்தது, அதில் ஒரு கள்ளி. துந்திரா இருந்தது, அதில் கொஞ்சம் பாசி. அச்சகத்தில் மை தீர்ந்திருக்க வேண்டும். பாலைவனமும் துந்திராவும் ஒரே சாம்பல் நிறத்தில் இருந்தன.

"சேர், துந்திராவுக்குக் கண்டில இருந்து பஸ் ஈக்கா?" என்று கேட்டான் சாக்கி. பின்வரிசையில் இருந்துகொண்டு வகுப்பை நடத்துபவன் அவன்.

"கட்டுகஸ்தோட்டையில மாறணும்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள், பர்ஹானாவைத் தவிர. அவள் முன்வரிசை. சிரிக்க வேண்டிய இடத்தில் யோசிப்பதும் யோசிக்க வேண்டிய இடத்தில் எழுந்து நிற்பதும் அவள் வழக்கம். எழுந்து நின்றாள்.

"சேர், இந்தப் பொத்தகத்துல ஈக்கிற ஒண்டையும் எங்களுக்குப் பாக்க ஏலா. அப்ப இது உண்மையாண்டு எப்படித் தெரியும்?"

நான்கு வருடம் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படித்த என்னிடம் ஒருவரும் கேட்காத கேள்வி அது. நானும் யாரிடமும் கேட்டதில்லை. பதில் தெரியாததால் வகுப்பை எழுப்பிப் பின்மதிலுக்குக் கூட்டிப் போனேன்.

பின்மதிலோரம் எங்கள் பாடசாலையின் மறைவிடம். ஒழுகுகிற பைப் ஒன்று, கால் உடைந்த கதிரைகளின் குவியல், புதிய கழிவறைக்குக் குழி தோண்டியபோது மிஞ்சிய மண். அதன் மேல் ஆளுயரத்துக்குக் களை. அந்தக் களையில் பெரும்பாலானவை இந்த நாட்டுச் செடிகள் அல்ல. மஞ்சளாய்ப் பூத்து நின்ற காட்டுச் சூரியகாந்தி மெக்சிக்கோப் பக்கத்தது. தொட்டாற்சிணுங்கி தென்னமெரிக்காவில் இருந்து வந்தது. உண்ணிச்செடியும் அந்தத் திசைதான். கதிரைகளை மூடி வளர்ந்த கினிப்புல் ஆபிரிக்கா. பைப்படியில் படர்ந்த வல்லாரை மட்டும் நம் பக்கத்து ஆள்.

"அப்ப இவ்வளவு காலமும் நாங்க மூத்திரம் போனது ஆபிரிக்காவிலயா?" என்றான் சாக்கி, உண்மையாகவே அதிர்ந்து.

அன்றிலிருந்து அதற்கு உலகம் என்று பெயர். ஆளுக்கொரு செடியைப் பொறுப்பெடுத்தார்கள். எங்கே பிறந்தது, எதைப் பிடித்துக்கொண்டு இங்கே வந்தது, இந்த மூலையில் எந்த அடி நிலத்தை விரும்புகிறது, ஏன் பக்கத்து அடியை விரும்பவில்லை. பர்ஹானாவின் வாப்பா கெலிஓயாவில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். பெயிண்ட் வாளி மூடிகளை வெட்டி அவள் பெயர்ப்பலகைகள் செய்து வந்தாள். செடியின் பெயர், கீழே சொந்த நாடு. எழுத்து என்னுடையதைவிட நன்றாக இருந்தது.

அவள் எடுத்துக்கொண்டது காட்டுச் சூரியகாந்தி. இடைவேளையில் பராட்டாவைக் கையில் பிடித்தபடி அதன் அடியில் குந்தியிருப்பாள். அது ஏன் மண்மேட்டில் மட்டும் வருகிறது, பக்கத்திலேயே பலாமரத்தடியில் ஏன் வருவதில்லை என்ற கேள்வி அவள் மூளையைக் குடைந்தது. அதன் விதையைப் பொறுக்கிப் பல இடங்களில் போட்டுப் பார்த்தாள். விடை கண்டதும் என்னிடம் சொல்லவில்லை. "வேற பெரிய ஆக்கள் வந்து கேட்டாச் சொல்லுவேன்" என்றாள். நான் பெரிய ஆள் இல்லை என்பதை வகுப்பு ஏற்கெனவே அறிந்திருந்தது.

பெரிய ஆள் வருவதாகச் செய்தி வந்தது. வலயக் கல்வி அலுவலகத்தில் இருந்து பணிப்பாளர் திங்கட்கிழமை வருகிறார். வாழிடக் கல்வியைப் பாடசாலைகள் செய்முறையாகக் கற்பிக்கின்றனவா என்று பார்ப்பார். எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. பர்ஹானா அன்று பராட்டா சாப்பிடவேயில்லை.

அதிபர் தனபாலன் சேர் யாழ்ப்பாணத்தார். நல்ல மனிதர், முன்வாசல் பக்கமாகப் பார்த்தால். அன்றுதான் முதன்முறையாகப் பின்மதிலுக்கு வந்தார்.

"என்ன தம்பி உது? பத்தை."

"மெக்சிக்கோங்க சேர்."

"நான் பகிடிக்குக் கேக்கேல்ல."

"நானும் பகிடிக்குச் சொல்லலைங்க சேர். பிள்ளைங்க பேர்ப்பலகை வச்சிருக்காங்க பாருங்க. அதை வாசிச்சா எல்லாம் வெளங்கும்."

"பணிப்பாளர்மார் வாசிக்க வாறேல்ல தம்பி. பாக்க வாறவை. இதைப் பாத்தா என்ன நினைப்பினம்? பள்ளிக்கூடத்தைக் கைவிட்டிட்டுப் போட்டாங்கள் எண்டு நினைப்பினம். போதாததுக்கு டெங்கு."

"தண்ணி எங்கயும் தேங்கலைங்க சேர். பைப் ஒழுகுறதுதான், அதைக் கட்டச் சொல்லி நானே ரெண்டு தரம்..."

"பாப்பம்" என்றார்.

ஒரு அதிபர் பாப்பம் என்றால் பார்த்து முடித்துவிட்டார் என்று பொருள். எனக்கு அது அப்போது விளங்கவில்லை.

நம் நாட்டில் யாராவது பெரியவர் வருகிறார் என்றால் சிரமதானம் வைப்போம். அமைச்சர் வந்தாலும் வைப்போம், பல் வைத்தியர் வந்தாலும் வைப்போம். பெற்றோர் மண்வெட்டியும் கத்தியும் கொண்டு வந்து, வருகிறவர் பார்க்கப் போவதை எல்லாம் வெட்டிவிட்டுப் போவார்கள். சனிக்கிழமை என்னை முன்வாசலில் உட்காரும் வாங்கு வரிசைக்குப் பெயிண்ட் அடிக்க விட்டார் அதிபர். "உங்களுக்குத்தான் தம்பி நுணுக்கமான வேலை வரும்" என்றார். நானும் பெருமையோடு நுணுக்கமாக அடித்துக்கொண்டிருந்தேன். பிளேன்டீ குடிக்கப் பின்பக்கம் போனபோது பின்மதில் முழுசாகத் தெரிந்தது. அதற்கு முன் அதன் நிறம் எனக்குத் தெரியாது. மஞ்சள்.

உலகம் ஒரு லொறியில் ஏறிப் போயிருந்தது. மண்ணைக் கிளறி, கல் பொறுக்கி, சீவி, அம்மியில் அரைத்ததுபோல் வைத்திருந்தார்கள். எங்கள் ஆட்கள் ஒரு வேலையை எடுத்தால் அரைகுறையாக விடமாட்டார்கள். வல்லாரையை மட்டும் லொறியில் ஏற்றவில்லை. அதைச் சம்பலுக்குப் பங்கு பிரித்துக்கொண்டார்கள்.

பைப்படியில் சாக்கியின் உம்மா ஆஸியா உம்மா எதையோ கழுவிக்கொண்டிருந்தார். பர்ஹானாவின் பெயர்ப்பலகைகள். ஒவ்வொன்றாக மண் போகத் தேய்த்து, முந்தானையால் துடைத்து, வெயிலில் அடுக்கினார்.

"எழுத்து ஈக்கிறத மண்ணுல போட ஏலா தானே சேர்" என்றார். "பாவம், புள்ளைகள் எவ்வளவு வடிவா எழுதியீக்கி."

செடிகளைப் பிடுங்கிவிட்டு எழுத்துக்கு மரியாதை செய்திருக்கிறார்கள். காகிதம் காலில் பட்டால் எடுத்துக் கண்ணில் ஒற்றுகிறவர்கள் நாங்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது வேறு விஷயம். அந்த அம்மாவிடம் கோபித்துக்கொள்ள முடியவில்லை. அதனால் அந்தக் கோபத்தையும் அதிபரின் பங்கிலேயே சேர்த்துக்கொண்டேன்.

பின்னேரம் பூச்சட்டிகள் வந்தன. வீட்டுக்கு வீடு இரவல். குரோட்டன், அந்தூரியம், போகன்வில்லா, ஒரு வங்கியின் வாசலில் நின்ற பாக்குச் செடி. மதிலோரம் வரிசையாக வைத்துவிட்டு, காய்ந்த பெயர்ப்பலகைகளை எடுத்துச் சட்டிக்கு ஒன்றாகக் குத்தினார்கள். பலகையும் வீணாகவில்லை, சட்டியும் வெறுமையாக இல்லை. ஆஸியா உம்மாவின் சிவப்புக் குரோட்டன் 'காட்டுச் சூரியகாந்தி, மெக்சிக்கோ' ஆனது. அந்தூரியம் 'கினிப்புல், ஆபிரிக்கா' ஆனது.

"சேர், பேரும் செடியும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லைங்க" என்றேன் அதிபரிடம்.

"செடி இருக்குது. பேர் இருக்குது. வேற என்ன வேணும்?"

"குறைஞ்சது பலகையையாவது மாத்தி எழுதுவோம். அந்தூரியமும் தென்னமெரிக்காதானுங்க."

"தென்னமெரிக்காவோ? அப்ப நல்லதாப் போச்சு. கிட்டத்தட்டச் சரி" என்றார் அதிபர், என் தோளில் தட்டி.

திங்கட்கிழமை காலை பர்ஹானா வந்து அந்த வரிசையைப் பார்த்தாள். அழுவாள் என்று பயந்தேன். அழவில்லை. சட்டிகளைச் சுற்றிச் சுற்றி வந்தாள், பரிசோதகர் மாதிரி.

"இதுகளெல்லாம் யாருட சேர்?"

"இரவல்."

"சட்டி ஒரு வாழிடமா சேர்?"

"இல்ல."

"அப்ப நான் எனத்தச் சொல்ற?"

அதற்கும் அதிபரிடம் ஏற்பாடு இருந்தது. எங்களை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, தானே எழுதி வைத்த ஓர் உரையை அவள் கையில் கொடுத்தார். பணிப்பாளருக்கு விளக்கம் கொடுப்பவள் பர்ஹானா என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. உரை இப்படித் தொடங்கியது: 'இங்கே நீங்கள் காணும் தாவரங்கள் அனைத்தையும் மாணவர்களாகிய நாங்களே நட்டு, நீரூற்றி வளர்த்தோம்.'

"பொய் சேர் இது" என்றாள் அதிபரிடமே.

அதிபர் பேனையை மூடி மேசையில் வைத்தார்.

"பிள்ளை, உது பொய்யில்லை. வரவேற்புரை" என்றார் அதிபர். "இதை வடிவாப் பாடமாக்கிச் சொன்னா பல்லேகலயில மாகாணக் கண்காட்சிக்கு எங்கட பள்ளிக்கூடத்தைத் தெரிவு செய்வினம். நீர்தான் போவீர். மாட்டன் எண்டா பத்தாம் வகுப்பில ஒருத்தியைப் பிடிப்பன். அவ சொல்லுவா."

நான் வாய் திறந்தேன். "சேர், அந்தப் பிள்ளை மாசக்கணக்கா அந்தச் செடியடியில இருந்து தானே கண்டுபிடிச்சதைத்தான்..."

"தம்பி, நீங்கள் தொண்டர்" என்றார். சொல்லி முடித்தாயிற்று என்ற குரலில்.

வெளியே வந்தோம். ஒரு பிள்ளைக்குச் செடியைப் பார், பார்த்ததைச் சொல் என்று படிப்பித்துவிட்டு, பெரியவர் வரும் நாளில் பார்க்காததைச் சொல் என்கிறோம். பிறகு இந்த நாட்டில் ஏன் விஞ்ஞானிகள் இல்லை என்று பத்திரிகையில் கட்டுரை எழுதுகிறோம். அதையும் வடிவாகத்தான் எழுதுகிறோம்.

"நீ சொல்ல வேணாம்மா" என்றேன். "பத்தாம் வகுப்பு சொல்லட்டும்."

பர்ஹானா உரையைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். "அவங்களுக்கு ஒண்டும் தெரியாதே சேர்" என்றாள். "நான்தான் சொல்லுவேன்."

பல்லேகல எந்தப் பிள்ளையையும் இழுக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பணிப்பாளர் வெள்ளை நீளக் கால்சட்டையில் வந்தார். பேண்ட் வாசித்தார்கள். வெற்றிலை கொடுத்தார்கள். கூட்டம் பின்மதிலுக்கு நகர்ந்தது. அவருக்கு மேல் அதிபர் குடை பிடித்து வந்தார், மழையும் இல்லை வெயிலும் இல்லை.

"அட, வடிவு" என்றார் பணிப்பாளர் சட்டி வரிசையைப் பார்த்து. பார்க்க வந்தவர், பார்த்துவிட்டார். அதோடு முடிந்திருக்கும். ஆனால் அவர் குனிந்து குரோட்டனின் பலகையை வாசித்தார். அதிபரின் கணக்கில் அது இல்லை.

"மெக்சிக்கோ! எங்க மகள், இந்த மெக்சிக்கோச் செடியைப் பத்திச் சொல்லுங்க பார்ப்போம்."

பர்ஹானா கையில் உரை இருந்தது. அதை நாலாக மடித்தாள்.

"அது சாக்கிட உம்மாட சட்டி, சேர். அந்திக்குத் திருப்பி அவங்கட ஊட்டுக்குப் போகும்."

பேண்ட் குழுவில் ஒரு பையன் தெரியாத்தனமாக மேளத்தை ஒரு தட்டுத் தட்டினான்.

"வங்கிட செடியும் போகும்" என்று பின்னால் இருந்து உதவினான் சாக்கி. "அது மூணு மணிக்கு முந்திப் போகோணும்."

அதிபரின் குடை சரிந்தது. "சேர், பிள்ளைக்குப் பயத்தில..." என்று தொடங்கினார்.

பணிப்பாளர் கையைக் காட்டி நிறுத்தினார். அவர் முகத்தில் கோபமா சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. "அப்ப மெக்சிக்கோச் செடி எங்க மகள்?"

"சனிக்கிழமை புடுங்கிட்டாங்க சேர், நீங்க வாறீங்க எண்டு. ஆனா வெளிய ஈக்கிது. வாங்க, காட்டுறேன்."

அவள் பின்கதவைத் திறந்தாள். மதிலுக்கு வெளியே மழைத்தண்ணீர் ஓடும் கான் கரை. அதைத் தாண்டிப் பாதையை அகலமாக்க வெட்டிய மேடு. அங்கே காட்டுச் சூரியகாந்தி ஆளுயரம், மஞ்சளாய் நின்றது. பணிப்பாளர் போனார். அவர் போனதால் எல்லோரும் போனார்கள்: அதிபர், குடை, உப அதிபர், பேண்ட். கம்பளை பஸ் ஒன்று வேகத்தைக் குறைத்து எங்களைப் பார்த்துவிட்டுப் போனது.

புல்லுக்குள் இறங்கி நின்று பர்ஹானா படிப்பித்தாள். அப்படி ஒரு வகுப்பை நான் எடுத்ததில்லை.

"பொத்தகத்துல ஒரு செடிக்கு ஒரு நாடு, ஒரு வாழிடமெண்டு ஈக்கிது. இது மெக்சிக்கோதான் சேர். ஆனா இதுக்கு மெக்சிக்கோவே வேணுமெண்டு இல்ல. பலாமரத்தடில வெத போட்டேன், வரல்ல. புல்லு மூடின இடத்துல போட்டேன், வரல்ல. கக்கூஸுக்குத் தோண்டின மண்ணுல போட்டேன், பொங்கி வந்திச்சி. இங்க பாருங்க, ரோட்டுக்கு வெட்டின மண். ஆக்கள் கிளறி, ஒண்டுமில்லாம வெயில்ல உட்ட மண் எங்க ஈக்கோ, அதுதான் இதுட வாழிடம்."

"அப்ப நாங்கதான் இதுக்கு வீடு கட்டிக் குடுக்கிறோம்?" என்றார் பணிப்பாளர்.

"ஓ சேர்."

"இவ்வளவு தூரத்தில இருந்து எப்படி வந்திச்சி?"

"இத வடிவுக்குக் கொண்டாந்தாங்களாம். வேற செடிகள் சாமான்ல வந்த, மாட்டுத் தீனில வந்த, ஆக்கள்ட உடுப்புல ஒட்டிக்கிட்டும் வந்த."

அவர் சிரித்தார். அவள் தலையில் கை வைத்தார். "கெட்டிக்காரப் பிள்ளை" என்றார். நான் மூச்சு விட்டேன். ஒரு முழு நிமிடம் இந்த நாட்டின் கல்வியமைப்பை மன்னித்திருந்தேன்.

அவர் அதிபர் பக்கம் திரும்பினார். "நல்லாப் படிப்பிச்சிருக்கீங்க. ஆனா சேர், இந்தக் கரை இப்படிக் காடு பத்திக் கெடக்கக் கூடாது. பாடசாலைக்குப் பக்கம். ஆக்களைச் சேர்த்து ஒரு சிரமதானம் வச்சிடுங்க."

"ஓம் சேர். வாற சனிக்கிழமையே" என்றார் அதிபர்.

அவர் கேட்டிருந்தார், ஒவ்வொரு சொல்லையும் கேட்டிருந்தார். கேட்டு, ரசித்து, பாராட்டி, வெட்டச் சொன்னார். கேட்காதவனை மன்னிக்கலாம். எனக்குத் தொண்டை வரை ஒரு கெட்ட வார்த்தை வந்தது. பிள்ளைகள் நின்றதால் விழுங்கினேன். பர்ஹானா என்னைப் பார்க்கவில்லை. அவள் பணிப்பாளரின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பின்கதவால் உள்ளே வந்து, சீவி வைத்த மண்ணில் நின்றபோதுதான் அதிபரும் அதைப் பார்த்தார். பணிப்பாளரின் வெள்ளைக் கால்சட்டையில் முழங்கால்வரை கறுப்பு கறுப்பாக ஊசி விதைகள். புல்லுக்குள் நடந்தால் ஒட்டிக்கொள்ளுமே, அவை. போதாததற்கு மடிப்புக்குள் வேறென்னவோ விதைகளும், புல்லின் சுணையும்.

"ஐயோ சேர், உங்கட கால்சட்டை!"

குடையை எறிந்துவிட்டு அதிபர் குந்தினார். உப அதிபர் மற்றக் காலைப் பிடித்துக்கொண்டார். இருவரும் ஒவ்வொரு விதையாக, துணியின் இழை பிரிந்துவிடாமல், பக்தியோடு பிடுங்கிப் பிடுங்கிப் பக்கத்தில் போட்டார்கள். பணிப்பாளர் கொஞ்சம் கூச்சத்தோடு கையை இடுப்பில் வைத்து நின்றார். இருக்கட்டும், இருக்கட்டும் என்றார். அவர்கள் விடவில்லை.

கிளறி, கல் பொறுக்கி, வெயிலில் விட்ட மண். அதன்மேல் விதைகள் விழுந்துகொண்டிருந்தன.

சாக்கி வாயைத் திறந்தான். பர்ஹானா அவன் காலை நன்றாக ஒரு மிதி மிதித்தாள்.

"சேர்" என்றாள் அதிபரிடம், மிக மரியாதையாக. "பின்னால மடிப்புலயும் ஈக்கிது. கொஞ்சம் அங்கால தள்ளிப் போடுங்க, ஒரே எடத்துல கூடிப் போச்சி."

"ஓம் பிள்ளை, ஓம்" என்று அதிபர் தள்ளிப் போட்டார்.